முதல் போஸ்டிங்: வார்டுக்குப் போகும் மருத்துவ மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதிதாக வார்டுக்கு வரும் ஒவ்வொரு பேட்சும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறது. யாரிடம் கேட்பது என்ற தயக்கத்தில் பலர் மாதக்கணக்கில் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். அதனால், கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். உங்கள் மருத்துவமனையின் விதி இதிலிருந்து மாறுபட்டால் அந்த விதிப்படியே நடந்துகொள்ளுங்கள்.

போஸ்டிங்னா என்ன? கிளாஸ்ல படிக்கிறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, குழந்தை நலம், மகப்பேறு, மனநலம் என்று ஒவ்வொரு துறையிலும் சில வாரங்கள் இருந்து, அங்கிருக்கும் நோயாளிகள் வழியாகப் படிப்பதுதான் போஸ்டிங். புத்தகம் நோயின் பெயரில் தொடங்கி அறிகுறிகளுக்கு வரும். வார்டில் எல்லாம் தலைகீழ். "மூச்சு வாங்குது" என்று ஒருவர் வந்து உட்காருவார். காரணம் இதயமா, நுரையீரலா, ரத்தசோகையா, பதற்றமா என்று நீங்கள்தான் பின்னோக்கித் தேடிப் போக வேண்டும். நன்றாகப் படிக்கிற மாணவர்கள்கூட முதல் வாரத்தில் திணறுவது இதனால்தான்.

மாணவர்களை வார்டுக்குள் அழைத்துவந்து, நோயாளியின் பொறுப்பில் ஒரு பங்கையும் கொடுத்துப் படிக்கவைக்கும் முறையை 1890-களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வலுவாக நிலைநாட்டியவர் வில்லியம் ஆஸ்லர் என்ற டாக்டர். இன்று நீங்கள் படுக்கை ஓரம் நின்று படிப்பதும் அந்த வழியில் வந்ததுதான்.

முதல் நாள் என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

ஸ்டெத், விநாடி முள் உள்ள கடிகாரம், சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு, இரண்டு பேனா, டார்ச், பெயர் அட்டை. ரிஃப்ளெக்ஸ் சுத்தியல் நரம்பியல் பக்கம் போகும்போது போதும். வசதியான, விரல் மூடிய செருப்போ ஷூவோ போடுங்கள். நீண்ட நேரம் நிற்க வேண்டியிருக்கும். மோதிரமும் நீண்ட நகமும் வேண்டாம். அப்புறம், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஏன் என்பது ஆபரேஷன் தியேட்டர் பற்றிய கேள்வியில் புரியும்.

வார்டுல எங்க நிக்கணும்னே தெரியலை. எல்லாருக்கும் இடைஞ்சலா இருக்கிற மாதிரியே இருக்கு.

இது எல்லோருக்கும் வரும் உணர்வு. எல்லோரும் ஏதோ வேலையாக ஓடிக்கொண்டிருக்க, நாம் மட்டும் சும்மா நிற்பது கூச்சமாகத்தான் இருக்கும். முதலில் வார்டின் நர்ஸிடம் போய் உங்கள் பெயரையும், எத்தனை வாரம் இருப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள். எந்த நோயாளி இரவு தூங்கவில்லை, யாரிடம் இப்போது பேசலாம், யாரை விட்டுவிட வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ரவுண்ட்ஸில் வந்து போகும் டாக்டர் பார்ப்பது நோயாளியின் சில நிமிடங்களை. நர்ஸ் பார்ப்பது முழு ஷிஃப்டையும்.

அடுத்து, வார்டில் வேறு யாரிடமும் இல்லாமல் மாணவரிடம் மட்டும் இருக்கும் ஒன்று நேரம். இன்டர்னுக்கு இருபது வேலை காத்திருக்கும். உங்களால் ஒரே நோயாளியிடம் முக்கால் மணி நேரம் உட்கார முடியும். மாத்திரையை விழுங்க முடியாமல் தலையணைக்கடியில் ஒளித்துவைத்திருப்பதும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதும் அப்படி உட்கார்ந்து பேசும் ஒருவரிடம்தான் வெளிவரும். அதைக் கேட்டுவந்து யூனிட்டில், அதாவது அந்த நோயாளியைப் பார்க்கும் டாக்டர் குழுவில், சொன்னால் நீங்கள் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

நோயாளிகிட்ட எப்படிப் பேச ஆரம்பிக்கிறது? நான் இன்னும் டாக்டரே இல்லையே?

அதையே சொல்லித் தொடங்குங்கள். "வணக்கம் அம்மா, என் பெயர் இது. நான் மருத்துவம் படிக்கும் மாணவி. உங்களோடு கொஞ்ச நேரம் பேசி, அப்புறம் பரிசோதித்தும் பார்க்கலாமா? வேண்டாம் என்றால் தயங்காமல் சொல்லுங்கள், உங்கள் சிகிச்சையில் எந்த மாற்றமும் வராது." இந்தக் கடைசி வரியை விடாதீர்கள். மறுத்தால் கவனிப்பு குறைந்துவிடுமோ என்ற பயத்தில் சம்மதிப்பவர்கள் உண்டு.

சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்து உட்காருங்கள். படுத்திருப்பவரிடம் நின்றுகொண்டு பேசினால், இவர் போகிற அவசரத்தில் இருக்கிறார் என்று அவருக்குத் தோன்றிவிடும். பரிசோதிக்கும் முன் திரையை மூடுங்கள். எந்தப் பகுதியைப் பார்க்கிறீர்களோ அதை மட்டும் திறந்து, முடிந்ததும் நீங்களே மூடிவிடுங்கள். மார்பு, இடுப்புக்குக் கீழ் போன்ற பகுதிகளை மூத்தவர் மேற்பார்வையும் துணைக்கு ஒருவரும் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது.

அவங்களே "டாக்டர்"னு கூப்பிட்டா திருத்தணுமா?

ஆமாம், ஒவ்வொரு முறையும். "இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்" என்றால் போதும். டாக்டர் என்று நம்பி ஒருவர் கொடுக்கும் சம்மதம், மாணவருக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது.

பேஷன்ட் பேச மாட்டேன்னு சொல்லிட்டா என்ன பண்றது?

நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வற்புறுத்தவோ, உறவினர் மூலம் பேசிப் பார்க்கவோ வேண்டாம். உங்களுக்கு முன் அன்றே நான்கு பேர் அதே கேள்விகளைக் கேட்டிருக்கலாம், அதே வயிற்றை அழுத்திப் பார்த்திருக்கலாம். நல்ல "சைன்" (பரிசோதனையில் தெரியும் நோயின் அடையாளம்) இருக்கும் நோயாளியைத் தேடி மொத்த பேட்சும் போய் நிற்கும் வழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஒன்று. வலியோடு இருக்கும் ஒருவரின் கல்லீரலை வரிசையில் நின்று ஆளாளுக்குத் தொட்டுப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை.

எனக்கு ஹிஸ்டரி எடுக்க ஒரு மணி நேரம் ஆகுது, சீனியர் பத்து நிமிஷத்துல முடிச்சிடறார். நான் ரொம்ப ஸ்லோவா?

இல்லை. ஹிஸ்டரி என்பது நோயாளியிடம் கேட்டறியும் நோய் விவரம். சீனியர் ஒவ்வொரு பதிலுக்கும் மனதுக்குள் சில நோய்களைச் சேர்த்தும் சிலவற்றை நீக்கியும் அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கிறார். உங்களிடம் இப்போது இருப்பது முழுப் பட்டியல் மட்டும். அதை முழுதாகக் கேட்டுப் பழகினால்தான் பின்னால் எதை விடலாம் என்பது தெரியும். ஆரம்பத்திலேயே குறுக்குவழி பழகியவர்கள் வேகமாகத் தவறு செய்வார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் சீனியர்களைப் பார்த்துப் பழகாதீர்கள். நோயாளி தன் பிரச்சினையைச் சொல்லத் தொடங்கினால் டாக்டர் சராசரியாக 18 விநாடிகளில் குறுக்கிட்டுவிடுகிறார் என்று 1984-ல் வெளியான ஒரு ஆய்வு காட்டியது. குறுக்கிடாமல் விட்டால் எவ்வளவு நேரம் பேசுவார்கள் என்று 2002-ல் வேறொரு ஆய்வில் பார்த்தார்கள். சராசரி 92 விநாடிதான். முக்கால்வாசிக்கும் மேற்பட்டவர்கள் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். "என்ன தொந்தரவு, சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுங்கள்.

இதில் செலவாகும் நேரம் வீணில்லை. 1975-ல் 80 புதிய நோயாளிகளை வைத்துச் செய்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், 66 பேருக்கு ஹிஸ்டரி முடிந்தபோது சொன்ன நோயே கடைசிவரை மாறவில்லை. அதன்பின் ஸ்கேன்கள் எவ்வளவோ வளர்ந்துவிட்டன. ஆனாலும் எந்த ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்ய ஹிஸ்டரிதான் வேண்டும்.

ஸ்டெத் வச்சா எனக்கு ஒண்ணுமே கேக்கலை. பக்கத்துல இருக்கிறவன் "மர்மர் கேக்குது"ங்கிறான். நானும் கேட்டுச்சுன்னு சொல்லிடலாமா?

சொல்லாதீர்கள். "கேட்கவில்லை, எங்கே வைத்தால் கேட்கும் என்று காட்டுங்கள்" என்றால் பெரும்பாலான ஆசிரியர்கள் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள். கேட்டது என்று சொல்லிவிட்டால் மர்மர் என்னும் அந்தக் கூடுதல் இதயச் சத்தத்தைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அங்கேயே போய்விடும். இப்படியே தலையாட்டிப் பழகியவர் பின்னாளில் கேஸ் ஷீட்டிலும் கேட்காததைக் கேட்டதாக எழுதுவார். அதை நம்பி இன்னொருவர் மருந்து எழுதுவார்.

சில நடைமுறை விஷயங்கள். காதில் மாட்டும் முனைகள் முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் சத்தம் குறைந்துவிடும். துணிமேல் வைக்காமல் தோல்மேல் வையுங்கள். இரண்டு பக்கமும் உள்ள ஸ்டெத்தில் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று விரலால் தட்டிப் பாருங்கள். மர்மரைத் தேடும் முன், இதயத்தின் முதல் சத்தம் எது, இரண்டாம் சத்தம் எது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். கழுத்துத் தமனியில் ஒரு விரலை மெதுவாக வைத்துக்கொண்டு கேளுங்கள். துடிப்போடு சேர்ந்து வருவது முதல் சத்தம். நோயில்லாத இதயத்தை நிறையக் கேட்டுக் காது பழகினால்தான் மாறுபாடு தெரியும், அதனால் நண்பர்கள் ஒருவருக்கொருவர் கேட்டுப் பழகலாம். 1816-ல் பாரிஸில் ரெனே லென்னெக் என்ற டாக்டர் ஒரு காகிதச் சுருளை நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதில் தொடங்கிய கருவி இது. கருவி எவ்வளவோ மேம்பட்டும் காதைப் பழக்கும் வேலை மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

ஒவ்வொரு பேஷன்டுக்கும் கை சுத்தம் பண்ணணுமா? நான் சும்மா தொட்டுத்தானே பார்க்கிறேன்?

கட்டாயம் செய்ய வேண்டும். இதை மாணவர்களிடம் சொல்ல ஒரு தனிக் காரணம் இருக்கிறது. வியன்னா மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் பயின்ற பிரிவில், பிரசவக் காய்ச்சலால் தாய்மார்கள் இறப்பது மருத்துவச்சிகள் பயின்ற பிரிவைவிட மிக அதிகம். மாணவர்கள் பிணப் பரிசோதனை அறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வருவதுதான் காரணம் என்று அங்கே பணியாற்றிய டாக்டர் இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டறிந்து, 1847-ல் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதத்துக்கு மேல் இருந்த இறப்பு ஜூனில் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. அந்த மாணவர்களும் "தொட்டுத்தான்" பார்த்தார்கள்.

உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடும் முன், சுத்தமான செய்முறைக்கு முன், உடல் திரவம் பட வாய்ப்பிருந்த வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின். கடைசியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். ஆல்கஹால் கரைசல் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. கை கண்ணுக்குத் தெரியும்படி அழுக்காக இருந்தாலோ, நோயாளிக்குக் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் கிருமியால் வயிற்றுப்போக்கு இருந்தாலோ சோப்புதான். அதன் விதைத்துகள்களை ஆல்கஹால் கொல்லாது. அப்படியே ஸ்டெத்தையும் துடையுங்கள்.

ரவுண்ட்ஸ்ல எல்லார் முன்னாடியும் கேள்வி கேக்கிறாங்க. தெரியாதுன்னா அசிங்கமா இருக்கு.

"தெரியவில்லை, பார்த்துவிட்டு நாளை சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். மறுநாள் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இரண்டாவது பாதியைச் செய்பவர்கள் குறைவு, ஆசிரியர்கள் நினைவில் வைத்திருப்பதும் அதைத்தான். ஊகம் என்றால் ஊகம் என்றே சொல்லிப் பதில் சொல்லலாம், அதில் தவறில்லை. நோயாளியைப் பற்றிய கேள்விக்கு மட்டும் ஊகம் கூடாது. "பொட்டாசியம் எவ்வளவு?" என்று கேட்டால், பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றுதான் பதில். ஸ்டெத் கேள்வியில் சொன்ன காரணமே இங்கேயும்.

கேள்வி கேட்பது வேறு, அவமானப்படுத்துவது வேறு. திட்டுவதும், நோயாளியின் முன் கேலி செய்வதும் கற்பித்தல் ஆகாது. அது தொடர்ந்தால் நடந்ததைத் தேதியோடு எழுதிவைத்து, நம்பிக்கையான ஒரு ஆசிரியரிடமோ மாணவர் நலப் பொறுப்பாளரிடமோ போங்கள். "நாங்களும் இப்படித்தான் வந்தோம்" என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை.

தியேட்டர்ல நிக்கும்போது தலை சுத்துது. நான் சர்ஜரிக்கு லாயக்கில்லையா?

அப்படி எதுவும் இல்லை. நீண்ட நேரம் அசையாமல் நிற்பது, சூடு, மாஸ்க், வெறும் வயிறு, ரத்தம் பார்ப்பது எல்லாம் சேர்ந்தால் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கி மூளைக்கு ரத்தம் குறையும். வியர்ப்பது, கண் மங்குவது, காது அடைப்பது இவை முன்னறிவிப்பு. வந்தவுடனே "எனக்குத் தலை சுற்றுகிறது" என்று சத்தமாகச் சொல்லி, ஆபரேஷன் மேசையிலிருந்து பின்வாங்கி, அங்கேயே தரையில் உட்காருங்கள். சமாளித்துவிடலாம் என்று நின்றால் மேசைமேல் விழ நேரிடும். நிற்கும்போது கால் தசைகளை அடிக்கடி இறுக்கித் தளர்த்துவதும், முன்பே தண்ணீர் குடித்துச் சாப்பிட்டுப் போவதும் உதவும்.

ஸ்க்ரப் செய்துவிட்டால், அதாவது ஆபரேஷனுக்காகக் கைகளைத் தேய்த்துக் கழுவிவிட்டால், கைகளை இடுப்புக்கு மேல், தோளுக்குக் கீழ், உடலுக்கு முன்னால் வைத்திருங்கள். எதையாவது தொட்டுவிட்டீர்கள் என்று சந்தேகம் வந்தாலே சொல்லிவிட்டுக் கையுறையை மாற்றுங்கள். கீறலுக்கு முன் குழுவினர் ஒவ்வொருவரும் பெயரும் பொறுப்பும் சொல்லிக்கொள்வது உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த பாதுகாப்புச் சரிபார்ப்பில் ஒரு பகுதி. அப்போது உங்கள் பெயரையும் சொல்லுங்கள்.

ரத்தம் எடுத்தப்போ ஊசி என் விரல்ல குத்திடுச்சு. சின்னதுதான். சொல்லணுமா?

உடனே சொல்ல வேண்டும். நாளை வரை தள்ளக் கூடாது. குத்திய இடத்தைச் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். பிதுக்கவோ பிளீச் ஊற்றவோ வேண்டாம். கண்ணில் தெறித்தால் நிறையத் தண்ணீரால் அலசுங்கள். பிறகு கையில் இருக்கும் வேலையை அப்படியே ஒப்படைத்துவிட்டு, பொறுப்பாளரிடம் சொல்லி, இதற்கென்று இருக்கும் பிரிவுக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும்.

எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 0.3 சதவீதம். ஹெபடைடிஸ் பி-க்கு, தடுப்பூசி போடாதவருக்கு அது 6 முதல் 30 சதவீதம். ஆகவே போஸ்டிங் தொடங்கும் முன்பே ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை முழுதாகப் போட்டு, எதிர்ப்பாற்றல் வந்ததா என்று ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள், நேராகக் கூர்முனைப் பெட்டியில் போடுங்கள். திட்டுவார்களோ என்று மறைத்துவிட்டு ராத்திரி முழுக்கத் தனியாகப் பயந்துகொண்டிருக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

படிக்கிற எல்லா நோயும் எனக்கே இருக்கிற மாதிரி தோணுது.

மருத்துவ மாணவர்களிடம் பரவலாகக் காணப்படுவதுதான். பெரும்பாலும் அந்தப் போஸ்டிங் முடிந்ததும் மறையும். தூக்கத்தையும் படிப்பையும் கெடுத்தாலோ, உண்மையான அறிகுறி இருந்தாலோ ஒரு டாக்டரிடம் நோயாளியாகப் போய்க் காட்டுங்கள். நண்பர்களிடம் வார்டு வராந்தாவில் கேட்டு மருந்து சாப்பிடாதீர்கள்.

இதுவரைக்கும் செஞ்சதே இல்லாத ஒண்ணைச் செய்யச் சொல்றாங்க. மாட்டேன்னா தப்பா நினைப்பாங்களா?

"இரண்டு முறை பார்த்திருக்கிறேன், செய்ததில்லை. நீங்கள் பக்கத்தில் நின்றால் செய்கிறேன்" என்று இருப்பதை இருக்கிறபடி சொல்லுங்கள். இப்படிச் சொல்பவரைத்தான் நல்ல சீனியர் நம்புவார். ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்றுக்கொடு என்று ஒரு பழைய சொல்வழக்கு உண்டு. ஒரே ஒருமுறை பார்த்தது போதும் என்பதை நோயாளியின் இடத்தில் இருந்து யோசித்தால் ஏற்க முடியாது. பொம்மை மாதிரியில் பழகிவிட்டு வருவது நல்லது. நோயாளியிடமும் நீங்கள் மாணவர் என்பதையும், மேற்பார்வையில் செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

மயக்க மருந்து கொடுத்த பேஷன்டை, அவங்களுக்குத் தெரியாம உள் பரிசோதனை பண்ணிப் பழகச் சொன்னா?

செய்யாதீர்கள். மாணவர் கற்பதற்காகச் செய்யப்படும் இடுப்பறைப் பரிசோதனைக்கு, நோயாளி விழித்திருக்கும்போதே தெளிவாகக் கேட்டுச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் போட்ட கையெழுத்தில் இது அடங்காது. "சம்மதம் கேட்டிருக்கிறார்களா? இல்லையென்றால் நான் பார்த்துக்கொண்டு மட்டும் நிற்கிறேன்" என்று சொல்லுங்கள். சொல்வது கடினம் என்று தெரியும். அதனால் முந்தின நாளே ஆபரேஷன் லிஸ்டைப் பார்த்து, வார்டில் அந்த நோயாளியைச் சந்தித்து, மூத்தவர் முன்னிலையில் அனுமதி கேட்டுவிடுவது நல்ல வழி. மரியாதையாகக் கேட்டால் சம்மதிப்பவர்கள் பலர் உண்டு.

சீனியர் தப்பு பண்ற மாதிரி தெரியுது. ஸ்டூடன்ட் நான் சொல்லலாமா?

சொல்லலாம், கேள்வியாகக் கேளுங்கள். "இவருக்குப் பென்சிலின் அலர்ஜி என்று என்னிடம் சொன்னார். இந்த மருந்து பரவாயில்லையா?" பாதி நேரம் உங்களுக்குத் தெரியாத காரணம் ஒன்று இருக்கும், அதைக் கற்றுக்கொள்வீர்கள். மீதி நேரம் ஒரு நோயாளி தப்பிப்பார். காதில் வாங்கவில்லை என்றால் இரண்டாம் முறை சொல்லுங்கள். அதற்கும் பயனில்லை, ஆபத்து உடனடி என்றால் நர்ஸிடமோ அடுத்த மூத்தவரிடமோ போங்கள்.

ரிசல்ட் என்னாச்சுன்னு பேஷன்டோட வீட்டுக்காரங்க என்னைத்தான் கேக்கிறாங்க. எனக்குத் தெரியும். சொல்லலாமா?

கூடாது. முதலில் நோயாளிக்குத்தான் தெரிய வேண்டும், யாரிடம் சொல்வது என்பதையும் அவர்தான் முடிவு செய்ய வேண்டும். மேலும் "புற்றுநோய்" என்று சொன்னதும் அடுத்து வரும் கேள்விகளுக்கு உங்களிடம் பதில் இருக்காது. "எனக்குத் தெரியாது" என்று பொய்யும் சொல்ல வேண்டாம். "அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர், நீங்கள் காத்திருக்கிறீர்கள் என்று இப்போதே அவரிடம் சொல்கிறேன்" என்று சொல்லி, உண்மையிலேயே போய்ச் சொல்லுங்கள். டாக்டர் பேசும்போது கூட நிற்க அனுமதி கேளுங்கள். புத்தகத்தில் கிடைக்காத பாடம் அது.

நேத்து பேசிட்டிருந்த பேஷன்ட் இன்னிக்கு இறந்துட்டார். அழுகை வருது. இப்படி இருந்தா எப்படி டாக்டர் ஆகிறது?

அழுபவர்களும் நல்ல டாக்டர்கள் ஆகியிருக்கிறார்கள். அன்றைக்கே யூனிட்டில் ஒருவரிடம் பேசுங்கள். என்ன நடந்தது, ஏன் காப்பாற்ற முடியவில்லை என்று கேளுங்கள், காரணம் புரிந்தால் கனம் கொஞ்சம் குறையும். உறவினர்களைப் பார்த்தால் "அவரோடு நேற்று பேசினேன், வருத்தமாக இருக்கிறது" என்று சொல்லலாம். அதற்குப் பட்டம் தேவையில்லை. வாரக்கணக்கில் தூக்கம் வராமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் அதைச் சகித்துக்கொண்டு ஓட்டாதீர்கள். உதவி தேடுங்கள்.

பேஷன்ட் ஒரு விஷயத்தைச் சொல்லிட்டு, "டாக்டர்கிட்ட சொல்லிடாதே"ன்னு கேட்டுக்கிட்டார். இப்ப என்ன பண்றது?

"சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அதுதான் முதல் விதி. "உங்களைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் நானும் ஒருவன். சிகிச்சைக்குத் தேவையானது என்றால் அவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கும். குழுவுக்கு வெளியே யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்பதை விஷயம் வெளிவரும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. தினமும் குடிக்கிறார், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டார், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறது என்பன போன்றவற்றை மறைத்தால் அவருக்கே ஆபத்து. கடைசியாகச் சொன்னதை அந்த நிமிடமே தெரிவிக்க வேண்டும், அதுவரை அவரைத் தனியே விடக் கூடாது.

முதலில் அவரையே சொல்லவைக்கப் பாருங்கள். "நீங்களே டாக்டரிடம் சொல்கிறீர்களா? நான் கூட நிற்கிறேன்" என்றால் பலர் ஒப்புக்கொள்வார்கள். மறுத்தால், யூனிட்டில் சொல்லப்போகிறீர்கள் என்பதை அவரிடம் தெரிவித்துவிட்டே சொல்லுங்கள். சிகிச்சைக்குச் சம்பந்தமில்லாத குடும்ப விஷயம் என்றால் உங்களோடு இருக்கட்டும். கேஸ் ஷீட்டிலும் வேண்டாம், விடுதி அறைப் பேச்சிலும் வேண்டாம், பெயரை எடுத்துவிட்டு வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் வேண்டாம்.